துருக்கிக் கடற்கரையில் அம்மாவுக்குச் சாப்பாடு

இஸ்மிர் நகரில் இறங்கிய இரண்டாம் நாள் மத்தியானம், அம்மா ஒரு தட்டுச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். கல்கத்தாவிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் பையிலேயே இருந்தன. அம்மாவுக்கு 78 வயது. தூத்துக்குடிப் பக்கத்துச் சைவக் குடும்பம். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட்டதில்லை. முதல் நாள் முழுக்க வாழைப்பழமும் டீயுமாகக் கழித்தவள் வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கும் மனைவிக்கும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

பணம் கொடுக்கப் போனபோது, கல்லாவில் இருந்த பெண் கல்லூரியில் படிக்கிறவள் போலும், நல்ல ஆங்கிலத்தில் கேட்டாள்: “பாட்டிக்குச் சோறு பிடித்ததா? நாங்கள் கோழி வேகவைத்த தண்ணீரில்தான் சமைக்கிறோம். அந்த ருசி வேறு எங்கும் வராது.”

அவள் பெருமையோடு சொன்னாள். எனக்குக் கால் நகரவில்லை.

உள்ளே நுழையும்போதே நான் கேட்டுத்தான் இருந்தேன். ‘எத்’ என்றால் இறைச்சி, ‘வார் மி’ என்றால் இருக்கிறதா. “எத் வார் மி?” என்றேன். பரிமாறுகிறவர் “யோக், யோக்” என்று தலையை ஆட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே எத் என்றால் பெரும்பாலும் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிதான். கோழிக்குத் ‘தவுக்’ என்று தனிப் பெயர். துண்டு எதுவும் கண்ணில் படவில்லை என்றால் அது இறைச்சியில்லாத சாப்பாடு. மீனைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கும் நண்பர்கள் நடுவே 30 வருஷம் கல்கத்தாவில் குடியிருந்தும் எனக்கு இது தோன்றவில்லையே! கேட்டிருக்க வேண்டிய கேள்வி “தவுக் சுயு வார் மி?” என்பது. சுயு என்றால் சாறு. எத் சுயு, தவுக் சுயு இரண்டையும் கேட்க வேண்டும். பிலாவ் என்கிற வெண்ணெய்ச் சோறு, மெர்ஜிமெக் என்கிற பருப்பு சூப், வெள்ளைக் காராமணி போல இருக்கும் பீன்ஸ் குழம்பு, இந்த மூன்றிலும் கட்டாயம் கேளுங்கள். பார்வைக்கு மூன்றும் சுத்த சைவம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன். “இப்ப சொல்லாதீங்க. இன்னும் எட்டு நாள் இருக்கு, பட்டினி கிடந்திருவாங்க” என்றாள். அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

துருக்கி என்றால் கபாப் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். கபாப் உள்நாட்டுச் சாப்பாடு. மேற்கே ஏஜியன் கடலோரத்தில் நிலம் முழுக்க ஒலிவ மரம். அங்கே பாதிச் சமையல் ஒலிவ எண்ணெயும் காய்கறியும்தான். ‘ஸெய்த்தின்யாலி’ என்று ஒரு வகையே இருக்கிறது. காய்களை வெங்காயம், தக்காளியோடு ஒலிவ எண்ணெயில் வேகவைத்து, ஆறவைத்துப் பரிமாறுவது. பச்சை பீன்ஸ், பர்புன்யா என்கிற புள்ளிப் பயறு, மே மாதத்தில் ஆர்ட்டிசோக் என்னும் பெரிய மொட்டு. இந்த வகையில் இறைச்சி சேராது. திராட்சை இலையில் அரிசியைச் சுருட்டி வைக்கும் சர்மாவும் ஆறியதாக வந்தால் பெரும்பாலும் சைவம். சூடாக, மேலே தயிர் ஊற்றி வந்தால் உள்ளே கொத்துக்கறி. காய்க்குள் பூரணம் வைத்தால் அதன் பெயர் தொல்மா. நம் வங்காளி அண்டை வீட்டார் பட்டோலில் செய்கிற தொல்மாவும் இந்தப் பெயரை வாங்கியதுதான்.

கத்தரிக்காயில் ஒரு பொறி இருக்கிறது. இமாம் பயில்டி என்றால் ‘இமாம் மயங்கி விழுந்தார்’ என்று பொருள். பிளந்த கத்தரிக்காயில் வெங்காயம், தக்காளி, பூண்டு வைத்தது. அமிர்தம். பக்கத்துத் தட்டில் அச்சாக அதே மாதிரி உட்கார்ந்திருப்பது கர்னியாரிக், அதில் கொத்துக்கறி. அவர்கள் ‘கியிமா’ என்பதும் நம் கீமாவும் ஒரே சொல்தான். அந்தச் சொல் காதில் விழுந்தால் கையை எடுத்துவிடுங்கள். பாலில் செய்த இனிப்புக்கூட நம்ப முடியாது. தவுக் கோய்சு என்று ஒரு பால் புட்டிங். நெஞ்சுக்கறியை நாராகக் கிழித்துப் பாலில் கரைத்துச் செய்கிறார்கள். பெயரில் தவுக் இருப்பதைப் பார்த்துத் தப்பித்தோம்.

இந்தக் காய்கறிச் சாப்பாடு கடலைப் பார்த்த ஓட்டல்களில் கிடைப்பதைவிட இரண்டு தெரு உள்ளே தள்ளி, கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் சாப்பிடும் ‘லோகந்தா’க்களில் நன்றாகக் கிடைக்கும். கண்ணாடிக்குப் பின்னால் தட்டு தட்டாக வைத்திருப்பார்கள். விரலால் காட்டினால் போதும், மொழி வேண்டாம். நம் மெஸ் மாதிரிதான். பன்னிரண்டரைக்குப் போய்விட வேண்டும். மூன்று மணிக்குப் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

கடலோர மேஜையில் ஒரு ராத்திரி நானும் மகனும் மீன் சாப்பிட்டோம். (நான் கல்கத்தாவில் மீன் பழகியது அம்மாவுக்குத் தெரியும், கேட்பதில்லை.) மீனுக்கு விலை எடைக் கணக்கு. எடையும் கேட்கவில்லை, கிலோ என்ன விலை என்றும் கேட்கவில்லை. பில்லைப் பார்த்த மகன் எழுந்து நின்றுவிட்டான். ஓட்டல்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. 2024 முதல் வாசலிலேயே விலைப் பட்டியல் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நாங்கள் படிக்கவில்லை. நாங்கள் கொடுத்த தொகையை இங்கே எழுதிப் பயனில்லை. 2022 அக்டோபரில் அரசாங்கக் கணக்குப்படியே வருஷ விலையேற்றம் 85 சதவீதத்தைத் தாண்டிய நாடு அது. போன வருஷத்து விலை இந்த வருஷம் செல்லாது.

மூன்றாம் நாள் வடக்கே அய்வாலிக் போனோம். கடலுக்கு அந்தப் பக்கம் கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவு கண்ணுக்குத் தெரிகிறது. 1923 ஜனவரியில் லோசானில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களைக் கிரேக்கத்துக்கும் கிரேக்கத்தில் இருந்த முஸ்லிம்களைத் துருக்கிக்கும் மாற்றினார்கள். இஸ்தான்புல் போல ஒன்றிரண்டு இடம்தான் விலக்கு. அப்படி அய்வாலிக்கிலும் பக்கத்து ஜுண்டாத் தீவிலும் வந்து இறங்கியவர்களில் கிரீட் தீவு முஸ்லிம்கள் நிறைய. பலருக்குத் துருக்கி மொழியே தெரியாது. வீடு, நிலம் போனாலும் மலையில் முளைக்கும் கீரைகளைப் பறித்துத் தின்னும் பழக்கத்தை விடவில்லை. மாடும் கிரீட்காரனும் வயலில் புகுந்தால் முதலில் கிரீட்காரனை விரட்டு என்று அங்கே ஒரு கேலி உண்டு. மாடு கொஞ்சம் மிச்சம் வைக்குமாம்.

அங்கேதான் ஒரு தட்டில் பச்சையாக, விரல் நீளத்தில், பூண்டும் எலுமிச்சையும் விட்ட ஒரு கீரை வந்தது. தெனிஸ் போருல்ஜெசி என்றார்கள். அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். “ஏய்யா, இது உமரியில்லா!” என்றாள். உப்பளத்து வரப்பில் முளைக்கும் அந்த உமரியின் இனமேதான். நடுவில் இருக்கும் நாரை உருவி எப்படித் தின்பது என்று அம்மாவே பரிமாறின பெண்ணுக்குச் செய்து காட்டினாள். அந்தப் பெண்ணும் “எங்க ஊரிலும் இப்படித்தான்” என்பது போல உருவிக் காட்டினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அறைக்குத் திரும்பியதும் இஸ்மிர் சோற்றைச் சொல்லிவிட்டேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிடவில்லை. காலையில் குளித்து, திருநீறு பூசி, வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். “தெரியாமத் தின்னது போகட்டும். ரெண்டு நாளா தெரிஞ்சு வச்சுக்கிட்டு என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டியே, அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்றாள். பிறகு, “அந்த வார்த்தை என்ன? எனக்குச் சொல்லிக்கொடு” என்றாள். மகன் ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் கேட்டது அம்மாதான்.

அங்கிருந்து தெற்கே ஃபெத்தியேக்கு நாள் முழுக்கப் பஸ். அங்கே மீன் சந்தையில் நடுவில் இருக்கும் கடைகளில் மீனை நிறுத்து வாங்கி, சுற்றியுள்ள ஓட்டலில் கொடுத்தால் சிறு கூலிக்குச் சுட்டுத் தருகிறார்கள். விலையில் ஒளிவுமறைவில்லை, என் சிபாரிசு இதுதான். அம்மாவும் மனைவியும் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் கோஸ்லெமே சாப்பிட்டார்கள். தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி ஒரு தகடு. மெல்லிய குச்சியால் வேட்டி மாதிரி விரித்த மாவு. உள்ளே கீரையோ உருளைக்கிழங்கோ வைத்து மடித்துச் சுடுவது. அதே கல்லில் கியிமாவும் போடுவார்கள். அம்மா சீட்டைக் காட்டிக் கேட்க, அந்த அம்மாள் கல்லை நன்றாகத் துடைத்துவிட்டுப் போட்டுக் கொடுத்தாளாம். கூடக் குடிக்க அய்ரான். நம் உப்பு மோர்தான், தாளிப்பு மட்டும் இல்லை.

திரும்பும் வழியில் மறுபடி இஸ்மிர். ஒரு தெருமுனையில் நீண்ட வரிசை நின்றது. பெரிய வாணலியில் வளையம் வளையமாக மாவைப் பொரித்து, பாகில் போட்டு, கிண்ணத்தில் வைத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லொக்மா. இறந்தவர்களை நினைத்து, வீட்டார் தெருவில் நின்று இப்படிக் கொடுப்பது இஸ்மிரில் வழக்கம். யாரோ ஒருவருடைய தகப்பனார் காலமாகி ஒரு வருஷமாம். திதிப் பண்டம் என்று அம்மா ஒதுங்குவாள் என்று நினைத்தேன். வரிசையில் போய் நின்றாள்.

முறை வந்ததும் சீட்டைப் பிரித்து, “தவுக் சுயு வார் மி?” என்று கேட்டாள். கரண்டி பிடித்திருந்தவர் ஒரு கணம் விழித்துப் பார்த்தார். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே “யோக், யோக், அன்னே” என்றார். அன்னே என்றால் அம்மா. கிண்ணத்தில் இன்னும் இரண்டு வளையம் சேர்த்து வைத்தார்.

“அவுங்க அப்பா பேரு என்னன்னு கேளு” என்றாள் அம்மா. கேட்டுச் சொன்னேன். அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, நடைபாதை ஓரத்தில் நின்றபடியே சாப்பிட்டாள்.