சேற்றில் வாழும் நண்பர்கள்

கிருமி என்றவுடன் நோய்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் எல்லாக் கிருமிகளும் பகையல்ல. கோல சிலாங்கூர்க் கடலோரத்தில் நீர் வற்றும் வேளையில் கெராங் பொறுக்கச் செல்வோரின் முழங்கால்வரை ஏறும் கருஞ்சேற்றில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஆறு கொண்டுவந்து சேர்க்கும் தழைகளையும் கழிவுகளையும் மக்கச்செய்து, மீனும் நண்டும் வாழ வழி செய்பவை இவையே.

சிலாங்கூர் ஆறு மலைகளில் தோன்றித் தோட்டங்களையும் பெஸ்தாரி ஜெயாவையும் கடந்து கோல சிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. ஆகவே நாம் ஓடையில் விடும் கழிவின் ஒரு பகுதியாவது ஒருநாள் அச்சேற்றில் படியும்.

ரப்பர் பாலை அமிலமிட்டு உறையவைத்தபின் எஞ்சும் நீரில் சர்க்கரையும் புரதமும் உள்ளன. அந்நீர் ஓடையிற் கலந்தால், அவற்றைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவழித்துவிடும். மீன்கள் மூச்சுத்திணறி மடியும். இதனைத் தடுக்க 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. ஆலைகளில் கழிவுநீர்க் குளங்கள் பெருகின.

புதிய குளம் உடனே வேலை செய்யாது. அதனால் பழைய குளத்துச் சேற்றைக் கொண்டுவந்து அதில் இடுவதுண்டு. பாலில் உறைமோர் ஊற்றுவது போன்றதே இது. அக்கழிவையே தின்று பழகிய பாக்டீரியாக்கள் அச்சேற்றில் நிறைந்திருப்பதால் வேலை விரைவில் தொடங்குகிறது.

கடற்சேற்றிலும் இவ்வாறே. மெக்சிகோ வளைகுடாவின் அடியில் எண்ணெய் இயற்கையாகவே கசிகிறது. எனவே 2010இல் அங்கு எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் முன்பே அங்கிருந்து விரைந்து பெருகின. பழைய அனுபவம் கைகொடுத்தது.

அப்படியானால் அழுக்குப் பழகப் பழக நன்மைதானே எனக் கேட்கலாம். அன்று! ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் தின்று தீர்க்கக்கூடிய உணவல்ல. அவை சேரச்சேரத் தாங்கமுடியாத இனங்கள் அழிந்து, தாங்கவல்ல சில இனங்களே மிஞ்சும். ஒரு நஞ்சுக்குப் பழகிய சேறு வேறொரு நஞ்சையோ வெப்பத்தையோ எதிர்கொள்ளும்போது தளர்ந்துவிடக்கூடும். ஒரே தொழில் தெரிந்தவர் மட்டும் வாழும் ஊரைப் போன்றது அது.

ஆறு தானே தூய்மையாகிவிடும் என்று இருந்துவிடவும் இயலாது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த கழிவினால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குதாரர்கள் குழாய்நீரின்றித் தவித்தனர்.

எனவே களைக்கொல்லி தெளிக்கும் தோம்புகளை ஓடையில் கழுவாதிருப்போம். பழைய இயந்திர எண்ணெயையும் மிஞ்சிய அமிலத்தையும் குளத்தில் கொட்டாதிருப்போம். பல மாதங்களில் வளர்ந்த பாக்டீரியாக்கள் ஒரே நாளில் மடிந்துவிடும். ஓடையில் மீன் செத்து மிதந்தாலோ புதிய நாற்றம் வீசினாலோ மண்டோரிடமும் நிர்வாகத்திடமும் உடனே தெரிவிப்போம். சுற்றுச்சூழல் துறையிடமும் முறையிடலாம். சேறு நமக்காக உழைக்கிறது. அதன் உழைப்பைக் கெடுக்காதிருப்பது நம் கடமை.