பெயர் பெரிதா, படிப்பு பெரிதா?

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கியூ.எஸ். என்னும் இலண்டன் நிறுவனம் உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிடுகிறது. மலாயாப் பல்கலைக்கழகம் ஏறியதா, இறங்கியதா என்ற செய்தி உடனே நம் நாளேடுகளில் கொட்டை எழுத்தில் வந்துவிடும். 2025-ஆம் ஆண்டு ஜூனில் வந்த பட்டியலில் அதற்கு 58-ஆம் இடம். அதற்கு முந்திய பட்டியலில் 60. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 8-ஆம் இடத்தில் நிற்கிறது. முதலிடம் பல ஆண்டுகளாக அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குத்தான்.

செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும், பால்மரம் சீவுகிறவருக்கும் இந்தக் கணக்கால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆனால் எஸ்.டி.பி.எம். முடிவோ மெட்ரிகுலேஷன் முடிவோ கைக்கு வந்துவிட்டால், நம் தோட்டத்து வீடுகளிலும் இதே பேச்சுத்தான். கோயில் கூட்டம் கலைந்த பிறகு இரண்டு தகப்பன்மார் இப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“பேரு வாங்குன யுனிவர்சிட்டியில ஏதோ ஒரு கோர்ஸ் கெடச்சாப் போதும்ண்ணே. அந்தப் பேர வச்சே புள்ள பொழச்சுக்கும்.”

“பேரு சோறு போடுமா தம்பி? எம் மவ கேக்குற படிப்பு சின்ன யுனிவர்சிட்டியிலதான் இருக்கு. நான் அங்கதான் அனுப்பப் போறேன்.”

இருவரும் என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க சார்” என்றார்கள். நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயமல்ல இது. ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பட்டியலை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்போம். கியூ.எஸ். மொத்தம் 100 மதிப்பெண் வைத்திருக்கிறது. அதில் 30 மதிப்பெண், உலகெங்கும் உள்ள பேராசிரியர்களிடம் ‘சிறந்த பல்கலைக்கழகங்கள் எவை?’ என்று கேட்டுப் பெறும் கருத்துக்கு. இன்னும் 15 மதிப்பெண், வேலை கொடுக்கும் நிறுவனங்களிடம் கேட்டுப் பெறும் கருத்துக்கு. ஆக 45 மதிப்பெண், பிறர் நினைப்பதற்கே போய்விடுகிறது. முன்பெல்லாம் இது 50-ஆக இருந்தது. ஆசிரியர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதற்கு 20. எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதற்கு முன்பு 20 கொடுத்தார்கள். 2024-ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து அதை 10-ஆகக் குறைத்துவிட்டார்கள். வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு 5, வெளிநாட்டு மாணவர்களுக்கு 5. எஞ்சியவை சில்லறைக் கணக்குகள்.

இதில் எங்கேயாவது ஒருவர் வகுப்பறையில் போய் உட்கார்ந்து, பாடம் எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறாரா? இல்லை. தோட்டத்திலிருந்து போன பிள்ளைக்கு விடுதி கிடைத்ததா, ஆங்கிலம் தடுமாறும்போது கைகொடுக்க ஆள் இருந்ததா, எடுத்த படிப்பை முடித்ததா என்று கேட்டிருக்கிறார்களா? அதற்கும் மதிப்பெண் இல்லை. 2003-இல் தொடங்கிய ஷாங்காய் பட்டியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் 100-க்கு 30 மதிப்பெண், அங்கே படித்தவர்களும் பணியாற்றுபவர்களும் வாங்கிய நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும்! அந்த நோபல் அறிஞர் நம் பிள்ளையின் முதலாண்டு வகுப்புக்கு வருவாரா என்பதைப் பட்டியல் சொல்லாது.

பள்ளிக்கூட வாத்தியான் எனக்கு இந்த வியாதி புதிதல்ல. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்படும்வரை எங்கள் பள்ளிகளையும் ‘எத்தனை ஏ?’ என்ற ஒரே கேள்வியால்தான் அளந்தார்கள். அரிச்சுவடி தெரியாமல் வந்து, ஆறாண்டில் தானாகக் கதைப்புத்தகம் எடுத்துப் படிக்கும் பிள்ளை எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை.

இனி, நம்மவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதைக்கு வருகிறேன்.

2004-ஆம் ஆண்டு கியூ.எஸ். நிறுவனமும் இலண்டன் டைம்ஸின் உயர்கல்வி இதழும் சேர்ந்து முதன்முறையாக உலகப் பட்டியல் வெளியிட்டன. மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு 89-ஆம் இடம் கிடைத்தது. உலகின் முதல் நூறில் நாம்! பெருமைக்குக் கேட்க வேண்டுமா? பதாகைகள் எல்லாம் கட்டினார்கள். மறு ஆண்டே 169-ஆம் இடத்துக்கு இறங்கியது. ஒரே ஆண்டில் எண்பது படிகள். நாடாளுமன்றம் வரை பேச்சாயிற்று. பேராசிரியர்கள் ஓடிவிட்டார்களா? நூலகம் எரிந்துவிட்டதா? ஒன்றுமே நடக்கவில்லை. 2004-இல் போட்ட கணக்கில், நம் நாட்டுச் சீனரையும் இந்தியரையும் வெளிநாட்டவர் என்று சேர்த்து எண்ணிவிட்டார்கள். வெளிநாட்டவர் அதிகம் என்றால் மதிப்பெண் அதிகம் அல்லவா? 2005-இல் அந்தத் தவற்றைத் திருத்தினார்கள், இடம் சரிந்தது.

பிறந்ததும் வளர்ந்ததும் இந்த மண்ணிலே; கையிலே நீல அடையாளக் கார்டு. ஆனாலும் நம் பிள்ளைகள் அந்த ஓராண்டு ‘வெளிநாட்டவராக’ இருந்து பல்கலைக்கழகத்துக்குப் பெருமை தேடிக் கொடுத்தார்கள். சிரிப்பதா, அழுவதா?

எனக்கு இதில் சிரிப்பு வராததற்குக் காரணம் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் சிங்கப்பூரில் தோன்றியது. ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து உருவாக்கினார்கள். கோலாலம்பூரில் உள்ளது 1962-இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1950-களில் அங்கே இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று குரல் கொடுத்தவர் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். துறைமுகத்திலும் தோட்டத்திலும் உழைத்த சாமானியர்கள் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கொடுத்தார்கள். நாள் கூலி வாங்கியவர்களுக்கு அந்த ஒரு வெள்ளி சின்னத் தொகையா? பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர்கள், தங்கள் சந்ததி என்றாவது மிதிக்கும் என்று கொடுத்த காசு அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத்தான் 2004-இல் அந்நியர் கணக்கில் எழுதினார்கள்.

நம் நாட்டில் மட்டும் நடப்பது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஒரு செய்தி நிறுவனம் வெளியிடும் கல்லூரி வரிசையில் கொலம்பியா பல்கலைக்கழகம் 2-ஆம் இடத்தில் இருந்தது. அங்கேயே பணியாற்றும் கணிதப் பேராசிரியர் ஒருவர் 2022-இல் கணக்கைச் சரிபார்த்து, கொடுத்த புள்ளிவிவரங்கள் பொருந்தவில்லை என்று எழுதினார். அந்த ஆண்டே 18-ஆம் இடத்துக்குப் போய்விட்டது.

அப்படியானால் பெயர் என்பது வெறும் மாயையா? நம் அண்ணன் சொன்னதே சரி என்று முடித்துவிடலாமா? முடியாது. தம்பி பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1976-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே தரமுள்ள கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களில் சிலர் புகழ்பெற்ற கல்லூரிக்குப் போனார்கள். சிலர் அதை விட்டு அவ்வளவு பெயரில்லாத கல்லூரிக்குப் போனார்கள். பின்னாளில் இரு சாராரின் சம்பளத்தையும் ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை எங்கே படித்தாலும் கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் ஒரு விலக்கு இருந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி உண்மையாகவே கூடுதல் சம்பளம் தந்தது.

ஏன் அப்படி? ஆய்வு ஒருபுறம் இருக்கட்டும். என் எண்ணத்தைச் சொல்கிறேன். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் நண்பர்களே போதும். எந்தக் கல்லூரியில் படித்தாலும் யாராவது கைதூக்கிவிடுவார்கள். நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? தோட்டத்துக் கிராணியையும் கிளினிக் டிரெஸரையும் தவிர வேறு யாரைத் தெரியும்? பெரிய பல்கலைக்கழகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவன் நாளைக்கு நீதிபதியாவான், வங்கி மேலாளராவான். அந்தப் பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆகவே, விரும்பிய படிப்பே மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலோ கிடைத்தால், ‘அதெல்லாம் பெரிய இடம், நமக்குச் சரிப்படாது, அவ்வளவு தூரம் எதற்கு?’ என்று பெண்பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துகிற பெற்றோரை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. ஒரு தொழிலாளியின் வருமானத்துக்கு எட்டுகிற பெரிய வாசல் அது ஒன்றுதான்.

ஆனால் ‘ஏதோ ஒரு கோர்ஸ்’ என்று தம்பி சொன்னாரே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. பட்டியலில் 58 என்பது பல்கலைக்கழகம் முழுவதற்குமான எண். நம் பிள்ளை படிக்கப் போவது ஒரு துறையில். பிடிக்காத படிப்பில் மூன்று நான்கு ஆண்டு தள்ளி, கடைசி வரிசையில் தேறி வந்தால் 58 வந்து வேலை வாங்கித் தராது.

பட்டியலைவிட முக்கியமான ஒரு சொல் இருக்கிறது: அங்கீகாரம். இதை நம் சமூகம் கசப்பாகக் கற்றது. அதே 2005-ஆம் ஆண்டில், உக்ரேன் நாட்டுக் கிரீமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு வழங்கிய அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக நம் அரசாங்கம் அறிவித்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த மலேசியரில் நம் பிள்ளைகள் ஏராளம். எத்தனை குடும்பங்கள் கதிகலங்கி நின்றன! அந்த முடிவு நியாயமா என்ற வாதம் அப்போது பலமாக நடந்தது. அதை விடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பு பெற்றோர் பார்க்க வேண்டிய தாள் எது என்பது அன்று தெளிவாயிற்று.

இன்றைக்கு உள்நாட்டுப் படிப்புகளுக்கு எம்.கியூ.ஏ. என்னும் தகுதி முகவாண்மையின் பதிவேடு இருக்கிறது. 2007-இல் அமைந்த நிறுவனம் அது. கல்லூரியின் பெயரை மட்டும் தேடாதீர்கள். சேரப்போகும் படிப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கல்லூரியில் ஒரு படிப்பு முழு அங்கீகாரம் பெற்றிருக்கும். புதிதாகத் தொடங்கிய இன்னொன்று தற்காலிக அனுமதியில் ஓடும். மருத்துவத்துக்கு மருத்துவ மன்றம், பொறியியலுக்குப் பொறியாளர் வாரியம், தாதியருக்குத் தாதியர் வாரியம் என்று தனித்தனியே ஒப்புதல் வேண்டும். சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலண்டன் பல்கலைக்கழகம் என்றால் உலகமே அறியும். ஆனால் இங்கே இருந்தபடி அதன் வெளிவாரிச் சட்டப் பட்டம் வாங்கியவர், வழக்கறிஞராவதற்கு முன் சி.எல்.பி. என்ற கடினமான தேர்வைத் தாண்ட வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்துச் சட்டப் பட்டதாரிக்கு அந்தத் தேர்வு இல்லை.

தனியார் கல்லூரிகளின் விளம்பரங்களில் இப்போது தரவரிசை எண்தான் பெரிதாக இருக்கிறது. ‘ஆசியாவில் இத்தனையாவது’, ‘இந்தத் துறையில் இத்தனையாவது’ என்று ஏதாவது ஒரு வரிசையில் ஏதாவது ஓர் இடம் எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது. கட்டணம் மட்டும் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். தனியார் மருத்துவப் படிப்பு பல இடங்களில் மூன்று இலட்சம் வெள்ளியைத் தாண்டுகிறது. பி.டி.பி.டி.என். கடன் அவ்வளவையும் ஈடுகட்டாது. சேமநிதியைத் துடைத்து, நகையை அடகு வைத்துத்தான் மீதியைக் கட்ட வேண்டும். அதற்குப் பதிலாகப் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, அங்கிருந்து பல்கலைக்கழகம் போகும் வழியும் இருக்கிறது. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான ஈப்போ உங்கு ஓமார் 1969-இலிருந்து நடக்கிறது. அதை யாரும் உலகப் பட்டியலில் தேடுவதில்லை.

கல்லூரிகளில் திறந்த நாள் என்று வைக்கிறார்கள். முடிந்தால் பிள்ளையோடு நீங்களும் போய் வாருங்கள். வேலைநாள் சட்டையோடு போனாலும் குற்றமில்லை. முகப்பில் கோட்டுப் போட்டு நிற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பிறகு சிற்றுண்டிச் சாலைப் பக்கம் போங்கள். கடைசி ஆண்டு மாணவர் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார். போன ஆண்டு உங்கள் படிப்பை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள் என்று அவரிடம் கேளுங்கள்.