வீடு அவருக்கு, நிலம் ஊருக்கு

கோயில் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவரை அடிமனைதாரர் என்கிறோம். மண் சாமிக்கு, அதன்மேல் நிற்கும் செங்கல், ஓடு, கதவு, ஜன்னல் எல்லாம் குடியிருப்பவருக்கு. மாதாமாதம் அடிமனை வாடகை கட்டி, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்பவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். நிலம் ஒருவருக்கும் அதன்மேல் நிற்கும் கட்டடம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம் என்பதை 1958-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

'சமூக நில அறக்கட்டளை' என்று உலகம் இன்று பேசுகிற ஏற்பாட்டின் அடித்தளமும் இதுதான். ஓர் அறக்கட்டளை நிலத்தை விலைக்கு வாங்குகிறது, அல்லது தானமாகப் பெறுகிறது. அந்த நிலத்தை அது என்றைக்கும் விற்பதில்லை. வீட்டை மட்டும் குடும்பத்துக்கு விற்று, அடியிலுள்ள மண்ணுக்கு 99 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறது. குடும்பம் அந்த வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், வீட்டின் பேரில் கடன் வாங்கலாம், வேண்டாமென்றால் விற்கலாம். விற்கும்போது இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு: அறக்கட்டளையைத்தான் முதலில் கேட்க வேண்டும், விலை, பத்திரத்தில் முன்பே எழுதிய கணக்குப்படிதான் இருக்க வேண்டும்.

அடிமனைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அடிமனைதாரருக்கு வாடகையை நிர்ணயிப்பதில் குரல் கிடையாது. நியாய வாடகை என்று திடீரென்று ஏறும், பழைய பாக்கி என்று நோட்டீஸ் வரும், வழக்கு நடக்கும். சமூக நில அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவிலோ, வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு இடம் அங்கே குடியிருப்பவர்களுக்கு. இன்னொரு பங்கு சுற்றுவட்டார மக்களுக்கு. மீதி, ஊராட்சி, நகராட்சி போன்ற பொது அமைப்புகளின் சார்பில் வருபவர்களுக்கு.

இது அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். விதை இங்கிருந்து போனது. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவேயிடம் வெதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் கொடுக்க, பூதான இயக்கம் பிறந்தது. ஆனால் தானமாகப் பெற்ற நிலத்தை ஏழை எத்தனை நாள் காப்பாற்றுவார்? விதை, மாடு, ஏர் எதற்கும் காசில்லாதவர், கடன்காரரிடம் அதை இழந்துவிடும் ஆபத்து இருந்தது. அதனால் நிலத்தை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்பதை விட ஊரின் பேரில் வைத்துக்கொள்ளும் 'கிராமதானம்' முன்னுக்கு வந்தது. 1952-இல் உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் அதற்கு முதல் ஊர். தமிழ்நாட்டில் 1956, 57-இல் வினோபா நிலம் கேட்டு ஊர் ஊராக நடந்தார்; எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அந்த இயக்கத்தைத் தூக்கிச் சுமந்தார்கள். 1958-இல் இங்கே பூதான யக்ஞச் சட்டமும் வந்தது.

இந்தச் செய்தியைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களில் ராபர்ட் ஸ்வான் என்ற அமெரிக்கரும் ஒருவர். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் முன்னின்ற சார்லஸ் ஷெராட், ஸ்லேட்டர் கிங் ஆகியோருடன் சேர்ந்து, 1969-இல் ஜார்ஜியா மாநிலத்தில் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற அமைப்பை அவர் உருவாக்கினார். சுமார் 5,700 ஏக்கர். வாக்குரிமை கேட்டதற்காகப் பண்ணைகளிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களுக்காக வாங்கிய பூமி அது. வறட்சி வந்தது, அரசின் அவசரக் கடன் வேண்டுமென்றே தாமதிக்கப்பட்டது, 1985-இல் நிலம் கடனில் போயிற்று. அரசு பாரபட்சம் காட்டியதென்று 2009-இல் அவர்களுக்கு 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. முதல் சமூக நில அறக்கட்டளையே நிலத்தை இழந்தது என்பதை இதன் ஆதரவாளர்கள் மறைப்பதில்லை. கடன் வாங்கினால் வீட்டின் பேரில் வாங்கு, மண்ணின் பேரில் வாங்காதே என்பது அங்கே கற்ற பாடம்.

இந்த ஏற்பாடு நிலைத்து வளர்ந்தது வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரத்தில். பெர்னி சாண்டர்ஸ் மேயராக இருந்த 1984-இல் நகராட்சியின் பணத்தோடு அங்கே ஓர் அறக்கட்டளை தொடங்கியது. இன்று 'சாம்ப்ளெய்ன் ஹவுசிங் டிரஸ்ட்' என்ற பெயரில் இயங்குகிறது. 2008-இல் உலக வாழ்விட விருது பெற்றது. அங்கே வீட்டை விற்பவருக்குப் போட்ட பணம் திரும்பக் கிடைக்கும். ஏறிய மதிப்பில் கால் பங்கும் கிடைக்கும். முக்கால் பங்கு வீட்டிலேயே தங்கி, அடுத்த குடும்பத்துக்கு விலையைக் குறைத்துக் கொடுக்கிறது.

நம் கொங்கு நாட்டுக் காங்கேயத்தில் இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் வெறும் உதாரணம்தான். உங்கள் சைட்டின் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று சென்ட், சென்ட் 3 லட்சம் என்றால் நிலம் 9 லட்சம். வீடு கட்ட 10 லட்சம். ஆக 19 லட்சம். எண்ணெய் ஆலையிலோ தேங்காய்க் களத்திலோ வேலை பார்க்கும் குடும்பம், அதுவும் வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள இன்னொருவர் வேலையை விட்டிருக்கும் குடும்பம், இந்தத் தொகையை எட்டவே முடியாது. நிலம் அறக்கட்டளையின் பேரில் இருந்தால் 9 லட்சம் கணக்கிலிருந்து போய்விடுகிறது. 'கலைஞரின் கனவு இல்லம்' போன்ற திட்டத்தில் 3.5 லட்சம் கிடைத்தால் மீதி 6.5 லட்சம். பத்து வருடம் கழித்து மொத்த மதிப்பு 35 லட்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 16 லட்சம். கால் பங்கு 4 லட்சம். குடும்பம் 10.5 லட்சத்தோடு வெளியேறும். அடுத்து வரும் குடும்பமும் 35 லட்சத்துக்குப் பதில் 10.5 லட்சத்துக்கே அந்த வீட்டை வாங்கும்.

"அப்போ மீதி 12 லட்சம் நட்டம்தானுங்களே?" என்று கொங்கு நாட்டில் உடனே கேட்பார்கள். பூமியில் போட்ட பணம் ஏறும் என்பதை நம்பியே வாழ்கிற ஊர் இது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் வளர வளர, கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்கள்கூட சைட்டுகளாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கேள்வி நியாயமானது. நிலத்தையும் சேர்த்து வாங்கக் கையில் காசிருப்பவர் தாராளமாக வாங்கட்டும். இந்த ஏற்பாடு அவருக்கானதல்ல. வாங்க வழியே இல்லாதவருக்கு 12 லட்சம் நட்டம் என்பதே கிடையாது. வாடகையில் போயிருக்க வேண்டிய காசில் 4 லட்சம் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன தனிப் பயன்?

முதலில் சாய்தளத்தைப் பாருங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் ஓட வேண்டும். மழைத் தண்ணீர் வராதபடி ஒன்றரை அடி உயர்த்திக் கட்டிய வீடென்றால் 18 அடி. கதவு மூன்றடி அகலம். கழிவறைக்குள் நாற்காலி திரும்ப ஐந்தடி இடம். வாடகை வீட்டில் இதையெல்லாம் எந்த வீட்டுக்காரர் விடுவார்? 18 அடி சாய்தளம் வாசலையே தின்றுவிடும். சொந்த வீட்டில் கட்டினாலும், விற்றவுடன் அடுத்து வருபவர் இடித்துவிட்டு அங்கே பைக் நிறுத்துவார். அறக்கட்டளை வீட்டில் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம்: இந்த வீட்டின் சாய்தளத்தையும் கழிவறையையும் மாற்றக்கூடாது, அடுத்த உரிமையாளரும் தேவை உள்ள குடும்பமாகவே இருக்க வேண்டும். ஒருமுறை செலவு செய்தால் நான்கைந்து குடும்பங்களுக்குப் பயன்படும்.

இரண்டாவது, அறிவுசார் குறைபாடோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வாயிலிருந்து வரும் கேள்வி: "எங்களுக்கப்புறம் யாருங்க?" 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் பங்கேற்கும் உள்ளூர்க் குழு சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால் பாதுகாவலர் கிடைப்பதும் வீடு தங்குவதும் ஒன்றல்ல. பிள்ளை பேரில் எழுதி வைத்த வீட்டை, பார்த்துக்கொள்கிறேன் என்று வந்த உறவுக்காரர் விற்றுவிடுவது எல்லோரும் அறிந்த கதை. நிலம் வேறொருவர் பேரிலும், விற்பனையில் முதல் உரிமை அறக்கட்டளையிடமும் இருந்தால் சத்தமில்லாமல் விற்க முடியாது. கடன் தவணை தவறினால்கூட வங்கி அறக்கட்டளையிடம் சொல்ல வேண்டும் என்று பத்திரத்தில் வைக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பின், 2010 இறுதியில் சாதாரண வீட்டுக் கடன்களில் 4.63 சதவீதம் ஜப்தி நிலையில் இருந்தபோது, சமூக நில அறக்கட்டளை வீடுகளில் அது 0.46 சதவீதம்தான்.

இங்கிலாந்து இதற்கு வேறு வழி எடுத்தது. நீண்டகாலக் குறைபாடு உள்ளவர்கள் வீட்டின் ஒரு பங்கை மட்டும் வாங்கி மீதிக்கு வாடகை கட்டும் திட்டம் அங்கே உண்டு. தரைத்தளம் போன்ற தேவைக்கேற்ற வீட்டைச் சந்தையிலேயே தேடிக்கொள்ளலாம். நமக்கு நெருக்கமான அனுபவம் சென்னையின் 'பேனியன்' அமைப்புடையது. மனநலக் காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்ட பெண்களை நான்கைந்து பேராக ஊருக்குள் சாதாரண வீடுகளில் குடிவைக்கும் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை 2015-இல் அது தொடங்கியது. சமைப்பது, கடைக்குப் போவது, பக்கத்து வீட்டோடு சண்டை போடுவது வரை எல்லாம் அவர்கள் விருப்பம். அவை வாடகை வீடுகள். வீட்டுக்காரர் மனம் மாறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்தக் கடைசிப் படியைத்தான் நில அறக்கட்டளை தாண்ட வைக்கும்.

சட்டம் ஏற்கெனவே நிறையத் தந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 37-ஆம் பிரிவு, அரசுத் திட்டங்களில் வீடும் விவசாய நிலமும் ஒதுக்கும்போது 5 சதவீதத்தை 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. சலுகை விலையில் நிலம் கொடுக்கும்போதும் 5 சதவீதம். சமூகப் பாதுகாப்பு உதவிகள் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிட 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. வீட்டுத் திட்டத்துக்கும் இதைப் பொருத்தினால் 3.5 லட்சம், 4,37,500 ரூபாயாக வேண்டும். கூடுதல் 87,500-இல் சாய்தளமும் அகலக் கழிவறையும் கட்டிவிடலாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர்.

ஆனால் ஒதுக்கீடு ஒருமுறை நடந்து முடிகிற காரியம். வீடு கைமாறியவுடன் அந்த 5 சதவீதம் கரைந்துவிடும். நிபந்தனை எழுதினால் போதும், நிற்கும் என்று நம்புபவர்களுக்குப் பஞ்சமி நிலத்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1892-இல் ஆங்கிலேய அரசு, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கியபோது அதைப் பிறருக்கு விற்கக்கூடாதென்று தெளிவாக எழுதித்தான் கொடுத்தது. பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்தது. காகிதத்தில் நிபந்தனை இருந்தது. கண்விழித்துக் காக்க ஆளில்லை. சமூக நில அறக்கட்டளையின் உண்மையான கண்டுபிடிப்பு 99 ஆண்டுப் பத்திரமல்ல என்பேன். அந்தப் பத்திரத்தை ஒவ்வொரு விற்பனையிலும் எடுத்துப் படிக்கும் நிலையான குழுதான்.

அந்தக் குழுவில் உட்கார இப்போது நம்மிடம் ஆட்களும் உண்டு. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தங்கள், ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்தன. பொது அமைப்புகளுக்கான மூன்றில் ஒரு பங்கில் அவர்களை உட்கார வைக்கலாம்.

நிலத்துக்கு எங்கே போவது? கல்யாண மண்டபத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் காடு எழுதிக் கொடுக்கிற வழக்கம் கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. கும்பாபிஷேக ரசீதுப் புத்தகத்தில் ஒரு பக்கம் இதற்கும் திருப்பலாம். இன்னொரு வழி விதிகளிலேயே இருக்கிறது: 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதத்தை நலிந்தோருக்கான சிறு மனைகளாகப் பிரிக்கச் சொல்கின்றன. அந்த மனைகள் தனித்தனியாக விற்றுப் போவதற்குப் பதில் அறக்கட்டளை வழியாகப் போனால், நாளைக்கும் நலிந்தோர் கையிலேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மலிவாக இருக்கிறதென்று ஊருக்கு வெளியே பஸ் போகாத இடத்தில் 'மாற்றுத்திறனாளிகள் நகர்' என்று போர்டு மாட்டிவிடக்கூடாது. யாரையும் தனி இடத்தில்தான் வாழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாதென்று 2016 சட்டத்தின் 5-ஆம் பிரிவே சொல்கிறது. சாதி கலந்து 100 வீடுகள் என்று 1998-இல் மேலக்கோட்டையில் தொடங்கிய சமத்துவபுரம் நமக்குத் தெரிந்த முன்மாதிரி. அதே போலக் கலந்திருக்க வேண்டும்.

தடைகளில் பெரியது பட்டா. அரசின் வீட்டுத் திட்டங்களில் மனு கொடுத்தவுடன் கேட்பது சொந்த மனைக்கான பட்டாவைத்தான். பதிவு செய்த 99 ஆண்டுக் குத்தகையைப் பட்டாவுக்கு இணையாக ஏற்கலாம் என்று ஓர் அரசாணை வேண்டும். குத்தகை நிலத்து வீட்டுக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்கும். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்திடம் முதலில் பேசிப் பார்க்கலாம். குத்தகைப் பத்திரத்தின் முத்திரைத் தீர்வைக்கும் விலக்கு கேட்க வேண்டும். அறக்கட்டளையைப் பதிவு செய்வதில் மட்டும் சிக்கலில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாள் வேலை.

நூறு வீட்டோடுதான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருபது சென்ட் கிடைத்தால் ஆறு வீடு கட்டலாம். இரண்டு சென்ட் பொது வழிக்குப் போகும். ஆறில் இரண்டு வீடு மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களுக்கு, மீதி நான்கு ஆலைத் தொழிலாளர்களுக்கு. சாய்தளம் ஆறுக்குமே போடலாம். தாத்தா பாட்டி இல்லாத வீடு ஏது?