மூன்றரை மணித் தீ: அணு உலைப் பயிற்சியில் விடுபட்ட பாடம்

1993 மார்ச் 31, அதிகாலை 3 மணி 31 நிமிடம். உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையை ஒட்டிய நரோரா அணுமின் நிலையம். முதல் அலகின் டர்பைனில், கடைசி வரிசையில் இருந்த இரண்டு கத்திகள் உடைந்து பறந்தன. நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் தண்டு நிலை தடுமாறி உதறியது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வாயு கசிந்து தீப்பற்றியது. எண்ணெயும் சேர்ந்துகொள்ள, தீ கேபிள்களைப் பிடித்தது. வழக்கமான மின்சாரத்துக்கான கேபிள்களும் அவசர மின்சாரத்துக்கான கேபிள்களும் ஒரே பாதையில், நடுவே தடுப்பில்லாமல் போயிருந்தன. ஒன்று எரிந்தபோது எல்லாமே எரிந்தன. அடுத்த 17 மணி நேரம் அந்த அலகில் மின்சாரம் இல்லை.

உலையை நிறுத்தியாகிவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் அதைச் செய்துவிட்டார்கள். ஆனால், நிறுத்திய கணத்திலும் அணு உலை தன் முழு வெப்பத்தில் 6, 7 சதவீதத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் ஒன்றரை சதவீதம் அளவுக்கு வெப்பம் வந்துகொண்டுதான் இருக்கும். அதை ஆற்றத் தண்ணீர் ஓட வேண்டும், தண்ணீர் ஓட பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். இதற்கிடையே காற்றோட்டக் குழாய் வழியே கரும்புகை கட்டுப்பாட்டு அறைக்குள் புகுந்துவிட்டது. அங்கிருந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. எந்த அறையில் இருந்து உலையை ஆளப் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றார்களோ, அந்த அறையே கையைவிட்டுப் போய்விட்டது.

பிறகு நடந்தது, இந்திய அணுமின் வரலாற்றில் நியாயமாகப் பேசப்பட்டிருக்க வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை. தீயணைப்புக்காக நிறுத்தி வைத்திருந்த டீசல் பம்புகளை ஓட்டி, அந்தத் தண்ணீரை நீராவிக் கலன்களுக்குத் திருப்பினார்கள். கலன்கள் உலையைவிட உயரத்தில் இருப்பதால், சூடான கனநீர் தானாக மேலேறி, அங்கே ஆறி, தானாகக் கீழிறங்கியது. இன்னொரு குழு டார்ச் லைட்டோடு உலைக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறி, வால்வுகளைக் கையால் திறந்து போரான் கரைசலை உலைக்குள் இறக்கியது. ஆறிக்கொண்டிருக்கும் உலை மறுபடி உயிர்பெற்றுவிடக் கூடாது என்ற பயம். கதிர்வீச்சு வெளியே வரவில்லை. அணு விபத்துகளுக்கான சர்வதேச அளவுகோலில் அது மூன்றாம் நிலைச் சம்பவமாகப் பதிவானது.

அன்று உலையை ஆற்றியது தீயணைப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரைத் திருப்பி விட்டவர்கள் உலை இயக்குநர்கள். தீயணைப்பும் உலை இயக்கமும் ஒரே ஆட்களின் ஒரே இரவு வேலையாக இருந்திருக்கிறது. ஆனால், உலகம் முழுக்க இந்த இரண்டையும் தனித்தனி வகுப்பறையில், தனித்தனி ஆசிரியரை வைத்து, தனித்தனி ஆட்களுக்குத்தான் பெரும்பாலும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

உலை இயக்கப் பயிற்சியைக் குறை சொல்ல அதிகம் இல்லை. டிராம்பேயில் 1957இல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அணுசக்தித் துறைக்கு ஆள் எடுப்பதில் நம் நாட்டில் ஒரு கண்டிப்பு இருந்துவருகிறது. கன்ட்ரோல் இன்ஜினியர், உதவி ஷிப்ட் சார்ஜ் இன்ஜினியர், ஷிப்ட் சார்ஜ் இன்ஜினியர் என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனி உரிமம். எழுத்துத் தேர்வு உண்டு, சிமுலேட்டரில் சோதனை உண்டு, மருத்துவப் பரிசோதனை உண்டு, கடைசியில் நிபுணர் குழுவின் முன் நேர்காணலும் உண்டு. உரிமம் ஆயுளுக்கும் செல்லாது. குறிப்பிட்ட காலம் முடிந்தால் மறுபடி தேறியாக வேண்டும். இதில் 'வாக்-த்ரூ' என்றொரு கட்டமும் இருக்கிறது. தேர்வாளர் கூடவே நடந்து வந்து, இந்த வால்வு எங்கே, அந்த பம்பின் சுவிட்ச் எங்கே என்று கேட்க, தேர்வு எழுதுபவர் நிலையம் முழுக்கச் சுற்றி ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்ட வேண்டும். நல்ல முறைதான். விளக்கு எரியும்போது.

சிமுலேட்டர் என்பது கட்டுப்பாட்டு அறையின் அச்சு நகல். கூடங்குளத்தில் அப்படி ஒன்று உண்டு. அதே பலகை, அதே விளக்குகள், அதே அபாயச் சங்கு. உள்ளே உலை மட்டும் கிடையாது, கணினி உண்டு. அமெரிக்காவில் 1979 மார்ச் 28 அன்று திரீ மைல் ஐலண்ட் விபத்து நடந்ததற்குப் பிறகுதான் இது இவ்வளவு முக்கியம் பெற்றது. திறந்தபடியே சிக்கிக்கொண்ட ஒரு வால்வு, அது மூடிவிட்டதாகக் காட்டிய ஒரு விளக்கு, முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அபாய அறிவிப்புகள். அழுத்தத்தைச் சீராக்கும் கலனில் நீர் நிரம்பி வழியவே கூடாது என்று பயிற்சியில் ஊட்டியிருந்தார்கள். அதை அப்படியே கடைப்பிடித்த இயக்குநர்கள், உலைக்கு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் தண்ணீரைக் குறைத்தார்கள். கவனக்குறைவால் வந்த தவறு என்று அதைத் தள்ளிவிட முடியாது. படித்த பாடத்தை ஒழுங்காக ஒப்பித்தவர்கள் செய்த தவறு அது. அந்தச் சூழ்நிலையை அன்றைய சிமுலேட்டரில் உருவாக்கவே முடியாது என்பதும் விசாரணையில் தெரியவந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் அறையைப் போலவே சிமுலேட்டர் என்ற விதி அங்கே வந்தது. இன்று அங்கே இயக்குநர்கள் ஐந்தாறு வாரங்களுக்கு ஒரு வாரம் வகுப்புக்கும் சிமுலேட்டருக்கும் திரும்பிவிடுகிறார்கள்.

சரி, அந்த சிமுலேட்டர் அறையில் புகை வருமா? கண் எரியுமா? முதுகில் காற்று உருளையைச் சுமந்து, முகமூடி போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாமல், வால்வு எண்ணைத் தடவிப் படிக்க வேண்டி வருமா? உருளையில் காற்று குறைந்ததும் விசில் அடிக்கும்போது, ஏறிய படியில் தொடர்வதா இறங்குவதா என்று முடிவெடுக்க வேண்டி வருமா? குளிரூட்டிய அறையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து இதைக் கற்க முடியாது.

ஒரு மெழுகுவர்த்தி

தீயை அணுமின் உலகம் பாடமாக எடுத்துக்கொண்டதே ஒரு மெழுகுவர்த்தியால்தான். 1975 மார்ச் 22, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி நிலையம். கேபிள்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டிப் பார்த்தார்கள். சுடர் ஆடினால் கசிவு. துளையை அடைத்திருந்தது எளிதில் தீப்பற்றும் நுரை. சுடர் உள்ளே இழுக்கப்பட்டது. தாங்களே அணைத்துவிடலாம் என்று சிறிது நேரம் முயன்றார்கள், கால் மணி நேரம் போனது. தீ ஏறத்தாழ ஏழு மணி நேரம் எரிந்து, 1,600க்கும் மேற்பட்ட கேபிள்களைத் தின்றது. வெளியூர்த் தீயணைப்பு அதிகாரி வந்து, தண்ணீர் அடியுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னார். மின்கேபிளில் தண்ணீரா என்று நிலையத்தார் தயங்கினார்கள். மணிக்கணக்கில் கழிந்த பிறகு தண்ணீர் அடித்தார்கள். சீக்கிரமே அணைந்துவிட்டது.

உலை தெரிந்தவருக்குத் தீ தெரியவில்லை, தீ தெரிந்தவருக்கு உலையில் அதிகாரம் இல்லை. அந்தப் பகல் முழுக்க இதுதான் நடந்தது.

அதிலிருந்து பிறந்த அமெரிக்க விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பயிற்சி ஒத்திகையைப் பற்றியது. ஒவ்வொரு ஷிப்டிலும் குறைந்தது ஐந்து பேர் கொண்ட தீயணைப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை. ஆண்டுக்கு ஒருமுறையாவது மூச்சுக்கருவியை அணிந்துகொண்டு உண்மையான தீயை அணைக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆண்டில் ஓர் ஒத்திகையாவது முன்னறிவிப்பு இல்லாமல் நடக்க வேண்டும். ஓர் ஒத்திகையாவது பகல் அல்லாத ஷிப்டில் நடக்க வேண்டும். எழுதியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

இரவு ஒத்திகை பற்றிய அந்தக் கடைசி வரி ஏன் எல்லா நாட்டிலும், எல்லா நிலையத்திலும், முதல் வரியாக இல்லை? என் கவலை அதுதான்.

நரோரா அதிகாலை மூன்றரை. திரீ மைல் ஐலண்ட் அதிகாலை நான்கு. செர்னோபில் நள்ளிரவு தாண்டி 1.23. பகல் ஷிப்ட் செய்யத் தயாராக இருந்த சோதனை, மின்தேவை காரணமாகத் தள்ளிப்போய், அதற்குத் தயாராகாத இரவு ஷிப்டின் தலையில் விழுந்தது. கூரையில் பற்றிய தீயை அணைக்க ஏறியவர்களுக்கு, காலடியில் கிடப்பது என்ன என்பதைச் சொல்லித் தரும் பயிற்சியோ, அளந்து காட்டும் கருவியோ சரியாக இல்லை. கடும் கதிர்வீச்சு நோயால் விபத்து நடந்த ஆண்டில் இறந்த 28 பேரில் ஆறு பேர் தீயணைப்பு வீரர்கள். பிரவுன்ஸ் ஃபெர்ரி நண்பகலில் எரிந்ததே என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். மனித உடம்பு அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் மிகவும் மந்தமாகிறது என்பதை, ரயில் ஓட்டுநரோ, நர்ஸோ, லாரி டிரைவரோ யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு நிலையத்தை 1987இல் உடனே மூடச் சொல்லி உத்தரவு போனது. காரணம் இயந்திரக் கோளாறு இல்லை, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பணி நேரத்தில் தூங்கினார்கள்.

பகலில் ஒத்திகை நடந்தால் மேலதிகாரிகள் எல்லோரும் இருப்பார்கள். கேன்டீன் திறந்திருக்கும், ஆம்புலன்ஸ் டிரைவர் விழித்திருப்பார், பயிற்சி மையத்தின் ஆசிரியர்கள் கையில் அட்டையோடு நிற்பார்கள், புகைப்படமும் எடுக்கப்படும். இரவில் இருப்பது அந்த ஷிப்டின் ஆட்கள் மட்டும். முடிவெடுக்க வேண்டியவரும் அவர்களில் ஒருவர்தான். வீட்டுக்கு போன் போட்டு மேலதிகாரியை எழுப்பி, அவர் வந்து சேர அரை மணியாவது ஆகும். நரோரா போன்ற ஓர் இரவில் அந்த அரை மணி மிகப் பெரியது.

தண்ணீர் ஊற்றக் கூடாத தீ

தமிழ்நாட்டில் இந்தப் பயிற்சிப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையைக் குளிர்விப்பது தண்ணீர் இல்லை, உருக்கிய சோடியம். ஆயிரத்து எழுநூறு டன்னுக்கும் மேல். சோடியம் காற்று பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனைக் கக்கும். சுடர் பெரிதாக எழாது, அடர்ந்த வெள்ளைப் புகைதான் எழும். தீயணைப்பு வீரர் வாழ்நாள் முழுக்கக் கற்றது எதுவோ, அதை இங்கே செய்யவே கூடாது. உலர்ந்த பொடியைத் தூவி மூச்சடைக்க வைக்க வேண்டும். 1985 முதல் அங்கே சிறிய சோதனை ஈனுலை ஓடுகிறது. சோடியத் தீயை எரித்துப் பார்த்து ஆராயத் தனி வசதிகளும் இருக்கின்றன. எனவே இந்த அறிவு நம் ஊரில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால், அறிவு இருக்கும் ஊரில் என்ன நடக்கும் என்பதை ஜப்பானின் மொஞ்சு ஈனுலை காட்டியது. 1995 டிசம்பர் 8, இரவு ஏழே முக்கால் மணிவாக்கில் சோடியம் கசிந்ததற்கான அறிவிப்பு வந்தது. புகை அறிவிப்புகளும் வந்தன. சிறிய கசிவாக இருந்தால் மெல்லக் குறை, பெரியதாக இருந்தால் உடனே நிறுத்து என்ற பாணியில் இருந்தது கையேடு. இது சிறியதா பெரியதா? மெல்லவே குறைத்துக்கொண்டு போனார்கள். உலையைக் கையால் நிறுத்தியபோது ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. அதற்குள் சில நூறு கிலோ சோடியம் எரிந்து தரையில் கொட்டியிருந்தது. கையேட்டை எழுதியவர்கள் யாரும் அந்தப் புகைக்குள் நின்று அதைப் படித்துப் பார்க்கவில்லை.

ஃபுகுஷிமாவில் இருந்து ஒரே ஒரு விவரம் மட்டும். முதல் உலையில் மின்சாரம் இல்லாமலே இயங்கக்கூடிய குளிர்விப்பு அமைப்பு ஒன்று இருந்தது. அது ஓடும்போது சுவரிலுள்ள இரண்டு துளைகளில் நீராவி இரைச்சலோடு பீறிடும். அந்தத் துளைகளுக்குப் 'பன்றி மூக்கு' என்று ஊழியர்கள் பெயர் வைத்திருந்தார்கள். 2011 மார்ச் 11 அன்று பணியில் இருந்த யாரும் அதுவரை அதை உண்மையில் ஓட்டிப் பார்த்ததில்லை. பீறிடும் நீராவியின் அளவைப் பார்த்து அது ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல, முன்பு ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

புதிய உலைகளில் மனிதர் கை வைக்காமலே பல மணி நேரம் உலை தானே ஆறும் என்கிறார்கள் வடிவமைப்பாளர்கள். நரோராவுக்குப் பின் இந்திய நிலையங்களில் கேபிள் பாதைகள் பிரிக்கப்பட்டன, தீத்தடுப்புகள் வைக்கப்பட்டன, டர்பைன் கத்திகளின் வடிவம் மாறியது. எல்லாம் உண்மை. நல்ல பொறியியல். ஆனாலும் கேபிள் பாதையைப் பிரித்த அதே அக்கறையோடு இரவு ஷிப்டின் ஒத்திகையையும் திருத்த வேண்டும்.

திருத்தம் ஒன்றும் கோடிக்கணக்கில் செலவு வைக்காது. உரிமத் தேர்வின் 'வாக்-த்ரூ'வில் ஒரு பங்கை விளக்கணைத்து, முகமூடி மாட்டி நடத்தலாம். தீயணைப்புப் பிரிவினரை சிமுலேட்டர் அறையில் உட்கார வைத்து, தாங்கள் அனுப்பும் தண்ணீர் எந்தக் கலனுக்குப் போகிறது என்று காட்டலாம். உலை இயக்குநர்களை மாதத்தில் ஒரு நாள் புகைக்கூடத்துக்குள் அனுப்பலாம். ஒத்திகையைச் சொல்லாமல் கொள்ளாமல் அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கலாம். அன்று கேபிள் இழுக்கவோ பெயின்ட் அடிக்கவோ உள்ளே இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் அதில் இருக்க வேண்டும். பிரவுன்ஸ் ஃபெர்ரியில் தீயை முதலில் பார்த்தவர்கள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் இல்லை.

கல்பாக்கம், கூடங்குளம் பக்கம் குடியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் அவசரநிலை ஒத்திகை பற்றி அதிகாரிகள் கூட்டம் போடும்போது எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாக முன்னறிவிப்பில்லாத தீ ஒத்திகை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு நடந்தது? தேதியோடு மணியையும் சேர்த்துக் கேளுங்கள். அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.