தொகுப்பு – 9: ஏழு கோடுகள், ஒரு வைரம்

வேதியியலாளர் வோலர் 1828-இல் சிறுநீரகத்தின் உதவியே இல்லாமல் யூரியாவை உண்டாக்கிய கதையோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் இசைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு சின்னம் என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

மருத்துவ ஆய்வு முடிவுகளைத் தொகுத்துத் தரும் காக்ரேன் அமைப்பின் சின்னம் அது. வட்டத்துக்கு நடுவே செங்குத்தாக ஒரு கோடு, அதையொட்டி ஏழு படுக்கைக் கோடுகள், அடியில் ஒரு குட்டி வைரம். பார்த்தால் அலங்காரம் போலத்தான் இருக்கும். ஆனால் படுக்கைக் கோடு ஒவ்வொன்றும் உண்மையில் நடந்த ஒரு மருத்துவச் சோதனை.

அந்தச் சோதனைகளின் கதை ஆடுகளில் தொடங்குகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவிலிருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்தினார். நாள் நிறையாமல் பிறந்த ஒரு குட்டி, மூச்சுவிட முடியாமல் உடனே செத்திருக்க வேண்டியது, பிழைத்துக் கிடந்தது. பிறகு அறுத்துப் பார்த்தால் நுரையீரலுக்குள் காற்று புகுந்திருந்தது! குழந்தை மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து, குறைப்பிரசவ ஆபத்திலிருந்த தாய்மாருக்கு அதே வகை மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். 1972-இல் முடிவு வெளியானது. குழந்தைகளின் மூச்சுத்திணறலும் இறப்பும் குறைந்திருந்தன. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக், பிறந்து இரண்டு நாள் முழுதாக ஆகுமுன் இறந்தது இந்த நுரையீரல் கோளாறால்தான். அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே அன்று வழியில்லை.

அடுத்த பத்தாண்டில் மற்றவர்களும் சோதித்தார்கள். பலவும் சிறிய சோதனைகள். சிறிய சோதனைக்குக் கோடு நீளம். ஐயம் அதிகம் என்று பொருள். கோடு நடுக்கோட்டைத் தொட்டால், பலன் மருந்தாலா தற்செயலாலா என்று சொல்ல முடியாது. பெரும்பாலான கோடுகள் தொட்டன. மருத்துவர்கள் தயங்கினார்கள்.

தொகுப்பு இங்கேதான் வேலை செய்கிறது. ஏழு சோதனைகளின் நோயாளிகளையும் ஒரே கூட்டமாகக் கலப்பதில்லை. ஒவ்வொன்றிலும் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாகக் கணக்கிட்டு, ஐயம் குறைந்த முடிவுக்கு அதிக எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். அந்தச் சராசரிதான் வைரம். அது நடுக்கோட்டைத் தொடவே இல்லை. பச்சிளங்குழந்தைகளின் இறப்பை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும் மருந்து என்பது துலங்கிவிடுகிறது.

ஆனால் முறையான தொகுப்பு வெளிவந்தது 1989-இல். அதற்குள் பல்லாயிரம் குழந்தைகள் வீணாக இறந்திருக்கலாம் என்பது அந்த அமைப்பின் சொந்தக் கணிப்பு. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. இருந்ததைச் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. ஆராய்ச்சி உலகின் மன்னிக்க முடியாத சோம்பல் என்றே இதைச் சொல்வேன்.

அமைப்புக்குப் பெயர் தந்த ஆர்ச்சி காக்ரேனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1941-இல் கிரேக்கத்தின் சலோனிகாவில் ஜெர்மானியரின் போர்க்கைதி. கைதிகளுக்கு அவர்தான் மருத்துவர். கைதிகளின் கால்கள் வீங்கின. 20 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட், மறு பாதிக்கு வைட்டமின் சி கொடுத்தார். ஈஸ்ட் சாப்பிட்டவர்கள் தேறினார்கள். கணக்கைக் காட்டியதும் ஜெர்மானியர் முகாமுக்கே ஈஸ்ட் அனுப்பினார்கள். எல்லாச் சோதனைகளையும் துறைவாரியாகத் தொகுக்க மருத்துவ உலகம் ஏற்பாடு செய்யவில்லையே என்று 1979-இல் கண்டித்து எழுதியவரும் அவரே. 1988-இல் மறைந்தார். அமைப்பு 1993-இல் பிறந்தது.

குறைப்பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்கு நம்மூர் மருத்துவமனைகளில் ‘குழந்தையோட நுரையீரலுக்கு’ என்று சொல்லிப் போடுகிறார்களே, அது இந்த ஊசிதான்.

ராபர்ட் மூகின் சிந்தசைஸர் அடுத்த வாரம்.