துல்சாவின் பிள்ளைகளுக்குச் சொல்லாத கதை

1946இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துக்கு வந்து, துல்சா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தார் நான்சி ஃபெல்ட்மேன். கால் நூற்றாண்டுக்கு முன் அந்த ஊரில் நடந்ததை வகுப்பில் சொன்னார். மாணவர்கள் நம்பவில்லை. அதை நேரில் அனுபவித்த ராபர்ட் ஃபேர்சைல்டையே அழைத்து வந்து பேசவைத்தார். வீட்டில் விசாரித்த பிள்ளைகளுக்கோ, அப்படி எதுவுமே நடக்கவில்லை என்ற பதில்தான் கிடைத்தது. இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள் என்று டீன் அவருக்கு அறிவுரை சொன்னார்.

1921 மே 31. லிஃப்டில் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் அத்துமீறியதாக, ஷூ பாலிஷ் போடும் கறுப்பின இளைஞர் டிக் ரோலண்ட் கைதானார். பின்னாளில் கைவிடப்பட்ட வழக்கு அது. நீதிமன்ற வாசலில் வெள்ளையர் கும்பல் கூடியது. மறுநாள் மதியத்துக்குள், கடைகளும் திரையரங்குகளுமாகச் செழித்திருந்த கறுப்பினத்தவரின் கிரீன்வுட் பகுதியில் அந்தக் கும்பல் வைத்த தீயில் 1,200க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பல். இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. கலவரச் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. எரிந்த இடத்தில் மறுபடி வீடு கட்ட முடியாதபடி நகர நிர்வாகம் புது விதி போட்டது. கூடாரத்தில் அலுவலகம் நடத்திய கறுப்பின வழக்கறிஞர் பக் ஃபிராங்ளின் அதை நீதிமன்றத்தில் முறியடித்தார். கும்பலைத் தூண்டியதாகச் சொல்லப்படும் 'துல்சா டிரிப்யூன்' செய்தி அந்த இதழின் மைக்ரோஃபிலிமில் இல்லை. மைக்ரோஃபிலிம் எடுப்பதற்கு முன்பே முதல் பக்கத்திலிருந்து யாரோ கிழித்துவிட்டார்கள்.

கறுப்பினக் குடும்பங்கள் பல பயந்து வாய் திறக்கவில்லை. ஆனாலும் இழந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். ஒன்றுமே தெரியாமல் வளர்ந்தவர்கள் வெள்ளைப் பிள்ளைகள்தாம். அவர்களே நாளை ஜூரிகள், வங்கி மேலாளர்கள், நகர்மன்ற உறுப்பினர்கள். பக்கத்துத் தெரு ஏன் ஏழையானது என்று தெரியாமலே அந்தத் தெருவின் தலைவிதியை எழுதுகிறார்கள்.

நூற்றாண்டு நினைவு வந்த அதே 2021 மே மாதத்தில், இனத்தின் பெயரால் மாணவர் எவரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டும் எனப் போதிக்கக் கூடாதென்று ஓக்லஹோமா சட்டம் போட்டது. துல்சாவைக் கற்பிக்கத் தடையில்லை என்கிறார்கள் ஆதரவாளர்கள். வேலை போய்விடுமோ என்று அஞ்சும் ஆசிரியர் எப்படித் துணிவார்? பாட்டன் செய்த பாவத்துக்குப் பேரனைக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. அவன் ஊரின் கதையை அவனிடமிருந்து ஒளிக்காதீர்கள் என்கிறோம்.

அந்தப் படுகொலையில் இறந்து, துல்சாவின் ஓக்லான் கல்லறையில் பெயரின்றிப் புதைக்கப்பட்டிருந்த ஒருவர், முதல் உலகப் போர்க் காலப் படைவீரர் சி.எல். டேனியல் என்று 2024 ஜூலையில் தெரியவந்தது. உறவினர்களின் டிஎன்ஏவும், அவருடைய தாய்க்காக 1936இல் வழக்கறிஞர் எழுதிய கடிதமும் அடையாளம் காட்டின. மற்றவர்களுக்கும் பெயர் தேடுகிறார்கள். துல்சாவைப் பார்த்தேயிராத வெளிமாநிலக் குடும்பங்களிடமும் டிஎன்ஏ கேட்கிறார்கள்.