தோட்டத்து உரம் ஓடையில் இறங்கினால் காற்றும் கெடும்

செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்கு இது தெரிந்த கதை. காலையில் மரத்தைச் சுற்றித் தூவியதை மாலை மழை அடித்துக்கொண்டு போய்விடும். கானில் இறங்கி, ஓடையில் கலந்து, ஆற்றுக்குப் போய்ச் சேரும். நஷ்டம் அதோடு முடிவதில்லை. கரைந்துபோன உரத்தில் ஒரு பகுதி தண்ணீரிலிருந்து வாயுவாகக் கிளம்புகிறது.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். மரம் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணில் நைட்ரேட்டாக மாறும். அது தண்ணீரில் எளிதில் கரைந்து ஓடிவிடும். ஓடையின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால், அங்குள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வைத்தே சுவாசிக்கின்றன. அந்த வேலை முழுதாக முடிந்தால் வெளிவருவது வெறும் நைட்ரஜன். காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அதுதான், தீங்கில்லை. பாதியில் நின்றால் வருவது நைட்ரஸ் ஆக்சைடு. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் 'சிரிப்பு வாயு' இதேதான். ஆனால் வானத்துக்குப் போனால் சிரிக்க ஒன்றுமில்லை. 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பமூட்டும். ஓசோன் படலத்தையும் அரிக்கும்.

அமெரிக்காவில் காட்டு ஓடை, நகர ஓடை, விவசாய நில ஓடை என 72 ஓடைகளை ஆராய்ந்த ஜேக் போலியூ குழுவினர், 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். சேற்றில் இப்படிச் சிதையும் நைட்ரேட்டில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே நைட்ரஸ் ஆக்சைடாகிறது. அற்பம்தானே என்று தோன்றும். ஆனால் தண்ணீரில் நைட்ரேட் கூடக்கூட வாயுவும் கூடியது. மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் நைட்ரஸ் ஆக்சைடில் பத்தில் ஒரு பங்கு ஓடைகளிலும் ஆறுகளிலும் இருந்து வரலாம் என்று அவர்கள் கணக்கிட்டனர். ஐநா காலநிலைக் குழுவின் அப்போதைய மதிப்பைப்போல் இது மூன்று மடங்கு.

கேமரன் மலையின் செங்குத்தான காய்கறித் தோட்டங்களில் கோழி எருவும் ரசாயன உரமும் மழையோடு இறங்குவது இதே வழியில்தான். தடுக்கும் முறைகள் புதியவை அல்ல. கனமழைக்கு முன் உரம் போடாமலிருப்பது, ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவது, மரங்களுக்கிடையே பயற்றங்கொடி படரவிடுவது, ஓடைக்கரையில் உரம் படாமல் செடிகொடிகளை விட்டுவைப்பது. ஆர்எஸ்பிஓ சான்றிதழ் பெறும் தோட்டங்கள் ஆற்றோரத்தைக் காக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பெரிய தோட்டத்தில் எந்த நாளில் எத்தனை மூட்டை என்பதை முடிவுசெய்வது அலுவலகம். வாளி தூக்குகிறவர் அல்ல. சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்தத் தடையில்லை. கறுத்து வரும் மேகத்தைப் பார்த்துவிட்டு, மூட்டையைக் கொட்டகையிலேயே விட்டுவைக்கலாம்.